தொட்டியில் முன்பே இருந்த தண்ணீர்

தோங் வான்ஷெங் வாயைத் திறந்தால், அது பெரும்பாலும் யாரையாவது எதையாவது செய்யச் சொல்வதற்காகத்தான் இருக்கும். "வைப்பரைத் தூக்கி நிறுத்திட்டுப் போ, இல்லேன்னா காலையில கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு உயிரை வாங்கும்." "பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள வை. பொண்டாட்டி திட்டினா திட்டிட்டுப் போறா, காலையில வண்டி கிளம்பணும்ல." கேட்டவனுக்கும் சொல்வார், கேட்காதவனுக்கும் சொல்வார். வடகோடிச் சோங்ஹெ ஊரில் இருந்த கொஞ்ச நஞ்சப் பேரும் அதற்குப் பழகிப்போயிருந்தார்கள்.

காட்டு இலாகாவுக்காக மரம் வெட்டியே பிழைத்த ஊர் அது. வான்ஷெங்கும் வாலிபத்தில் மரம் ஏற்றும் லாரிதான் ஓட்டினார். உறைந்த ஆற்றின் மேலேயே லாரியை இறக்கி ஓட்டிய ஆள் என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். மரம் வெட்டக் கூடாது என்று ஒரு நாள் உத்தரவு வந்தது. லாரிகள் போயின, பின்னாலேயே இளவட்டங்கள் போனார்கள், அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கிழவிகளும் போனார்கள். வான்ஷெங் மட்டும் போகவில்லை. சாலையோரத்தில் கார் சாமான் கடை ஒன்று போட்டு, அதன் பின்கட்டிலேயே குடியிருந்தார்.

கடையில் முக்கியமான சரக்கு கண்ணாடித் தண்ணீர். காரின் முன்கண்ணாடியில் சேறும் உப்பும் படிந்தால் பீய்ச்சித் துடைக்கிற தண்ணீருக்கு அங்கே அதுதான் பெயர். கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. குளிர்காலத்துத் தண்ணீர் பச்சையாக இருக்கும், அதில் சாராயச் சத்து கலந்திருக்கும். மூடியைத் திறந்தாலே மூக்கைத் துளைக்கும். மைனஸ் நாற்பது வரை உறையாது என்று கேனில் அச்சடித்திருப்பார்கள். வான்ஷெங் அச்சை நம்புகிற ஆள் இல்லை. புதுச் சரக்கு வந்தால் ஒரு கேனைத் திறந்து வாசற்படியில் பனியில் விட்டுவிடுவார். காலையில் எடுத்துக் காதருகே குலுக்குவார். தளதளவென்றால் விற்பனைக்கு. கூழாகிக் கிடந்தால், அனுப்பியவனுக்குப் போன் போட்டுப் பரம்பரையையே இழுப்பார். "நாப்பதுன்னு அச்சடிச்சிட்டா நாப்பது ஆயிடுமா? என் நெத்தியில மந்திரின்னு ஒட்டினா நான் மந்திரியாடா?"

இலையுதிர்காலம் முடியும்போது ஊரில் ஓடுகிற கார்கள் எல்லாம் அவர் கடை வாசலுக்கு வந்து நிற்கும். முதல் வேலை, தொட்டியில் இருக்கும் கோடைத் தண்ணீரைக் காலி செய்வது. விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்து வழிந்து, கடைசியில் வெறும் காற்று புஸ்ஸென்று வர வேண்டும். அதற்குப் பிறகுதான் குளிர்காலத் தண்ணீரை ஊற்றலாம். பழையதன் மேல் புதியதை ஊற்றினால் இரண்டும் கலந்து வீரியம் போய்விடும். இதை அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூக்கைத் துடைப்பது போல எல்லாருக்கும் தெரிந்த காரியம்.

அவருடைய மனைவி ஷியூயூன் தெற்கே போய் வருஷக்கணக்காகிவிட்டது. மகள் பெய்பெய் கடலோரத்து ஜான்ஜியாங் நகரத்தில் வேலை பார்த்து, அந்த ஊர்ப் பையனான லியாங்கையே கட்டிக்கொண்டாள். பேத்தி தாங்தாங் பிறந்தபோது, "ஒரு வருஷம் பாத்துக் குடுத்துட்டு வந்துடறேன்யா" என்று சொல்லிவிட்டுத்தான் ஷியூயூன் ரயில் ஏறினாள். ஒரு வருஷம் என்பது குழந்தை நடக்கிற வரைக்கும் என்றாயிற்று. பிறகு பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் என்றாயிற்று.

வான்ஷெங்கும் ஒரு குளிர்காலத்தில் அங்கே போய்ப் பார்த்தார். பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து வியர்த்தார். தெருவில் பேசுவது ஒன்றும் புரியவில்லை. கார்கள் சாரிசாரியாகப் போயின. ஒருவனுக்கும் அவரிடம் கேட்க எதுவும் இல்லை. ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். வந்தபோது வீட்டுக் குழாய் உறைந்து வெடித்துக் கிடந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, வீட்டை விட்டு வர முடியாது என்று அதற்கப்புறம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்.

எதிர்ச்சாரியில் குளிர்ந்த நூடுல்ஸ் கடை வைத்திருந்த கொரியக்காரி பியாவ்தான் அவருக்குப் பேச்சுத்துணை. அவளும் தனி ஆள், கணவனை இழந்தவள். "அண்ணே, கேனைக் குலுக்கிக் குலுக்கிக் கேட்டுக்கிட்டே இருக்கியே, அது என்ன ஒனக்குப் பதிலா பேசப்போவுது?" என்று கேலி செய்வாள். அவர் சிரிப்பார். கடையைப் பூட்டிய பிறகு, பின்கட்டில் அடுப்பு எரிகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. டிவியைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் போய் உட்கார்ந்துகொள்வார்; வீட்டில் யாரோ பேசுகிறார்கள் என்றிருக்குமே, அதற்காக. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவருக்குத் தனிமை எலும்பு வரை ஏறியிருந்தது. ஆனால் போனில் ஷியூயூன் "எப்படிய்யா இருக்க?" என்று கேட்டால், "முழங்காலுக்குத் தைலம் தேச்சியா? மறக்காம தேய்" என்றுதான் பதில் சொல்வார்.

அந்த வருஷம் தாங்தாங்கைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. புத்தாண்டு வசந்தப் பெருநாளுக்குக் காரிலேயே எல்லாரும் ஊருக்கு வருகிறோம் என்று பெய்பெய் சொன்னாள். லியாங் புதுக் கார் வாங்கியிருந்தான், குழந்தை பனி பார்க்க வேண்டும் என்று அடம். ஷியூயூனும், "நேர்ல வந்து பேசணும்யா" என்றாள்.

வான்ஷெங்குக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. குழந்தை பள்ளிக்கூடம் போகிறது, அவள் வருகிறாள், வந்தால் தங்கிவிடுவாள். அவரே முடிவு கட்டிக்கொண்டார். சொந்தமாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். வாத்து வாங்கி வெட்டி வைத்தார். பியாவைக் கூப்பிட்டு வைத்து மலைமலையாகக் கொழுக்கட்டை பிடித்து, முற்றத்துப் பனியில் தட்டுத் தட்டாக உறைய வைத்தார். ஷியூயூனுக்குப் பிடித்த உறைந்த பேரிக்காய் ஒரு கூடை. வாசலில் கார் நிற்க இடம் விட்டுப் பனியை வாரியவர், மறுநாள் பெய்ததும் மறுபடி வாரினார்.

"மாப்பிள்ளை கப்பல்லயா வர்றாரு, இவ்வளவு இடம் விடறே?" என்றாள் பியாவ்.

"நீ மாவைப் பிசை. வாயைப் பிசையாத."

வழி நெடுக லியாங்குக்குப் போனில் உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தார். எங்கே பனிக்கு ஏற்ற டயர் மாற்றுவது, பாலத்தின் மேல் எப்படிப் பிரேக் பிடிப்பது, எல்லாம். "பனி தொடங்கற ஷென்யாங் வந்ததும் கண்ணாடித் தண்ணி மைனஸ் நாப்பது வாங்கி ஊத்திடு. வேற எது குடுத்தாலும் வாங்காத."

ஷென்யாங்கிலிருந்து லியாங் பேசினான். "அப்பா, நீங்க சொன்னதையே வாங்கி ஊத்திட்டேன். கொஞ்சம் ஊத்தினதுமே நிரம்பி வழிஞ்சிருச்சு. மிச்சம் டிக்கியில இருக்கு."

"நல்ல புள்ள! மிச்சத்தைப் பத்திரமா வை."

மறுநாள் மத்தியானம் பெய்பெய் அழுதுகொண்டே கூப்பிட்டாள். சாங்சுன் நகரத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்களாம். முன்னால் போன லாரி உப்புச் சேற்றை வாரி அடித்திருக்கிறது. லியாங் கண்ணாடித் தண்ணீரைப் பீய்ச்சியிருக்கிறான். பட்ட மாத்திரத்தில் அது கண்ணாடி முழுக்க வெள்ளையாக உறைந்துவிட்டது. வைப்பர் அதன் மேலேயே கரகரவென்று இழுத்ததில் இன்னும் மோசம். வேகமாகப் போகிற வண்டி, முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பிரேக்கை மிதித்ததும் கார் வழுக்கி ஓரத்துத் தடுப்பில் தேய்த்துக்கொண்டே போய் நின்றிருக்கிறது. யாருக்கும் அடியில்லை. ஷியூயூன் நாக்கைக் கடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஜன்னல் வழியே தலையை நீட்டிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

"இதுக்கு மேல ஓட்ட மாட்டேங்கறாருப்பா. கை நடுங்குது அவருக்கு. நாங்க இப்படியே திரும்பிடவான்னு..."

"ஒரு அடி நகரக் கூடாது! ஓய்விடத்துலயே ரூம் எடுத்துத் தங்குங்க. நான் வர்றேன்."

"அப்பா, எவ்வளவு தூரம் தெரியுமா?"

"அந்த ரோட்டை எனக்கா சொல்லித்தர்ற?"

விடியுமுன்பே தன் ஓட்டை வேனில் கேன்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பியாவ் சூடான சோறும் ஊறுகாய்க் கோசும் கட்டிக்கொடுத்தாள். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சாவியையும் வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் வான்ஷெங் மனதுக்குள் மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே வந்தார். எவனோ போலிச் சரக்கை இவன் தலையில் கட்டியிருக்கிறான், மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கக்கூடத் துப்பில்லை, படித்து என்ன பிரயோஜனம் என்று வசனம் வசனமாக அடுக்கி வைத்திருந்தார். அவர்கள் திரும்பிப் போய்விட்டால் என்ற பயத்தை அந்தத் திட்டுகளால்தான் அமுக்கி வைத்திருந்தார்.

ஓய்விடத்தில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. ஷியூயூன் புதிதாகச் சிவப்புக் கோட்டு போட்டிருந்தாள். முகம் கறுத்து, சதை போட்டு, பத்து வயது குறைந்தவள் போல இருந்தாள். "வந்துட்டான்யா காட்டு ராசா" என்றாள். அதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. தாங்தாங் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாத்தாவுக்கு வணக்கம் சொல்லு" என்றாள் பெய்பெய்.

"இவரு போன்ல சின்னதா இருப்பாரே" என்றாள் குழந்தை.

எல்லாரும் சிரித்தார்கள். வான்ஷெங்கும் சிரித்தார், பிறகு பானட்டைத் திறக்கப் போய்விட்டார். தொட்டி கல்லாக உறைந்திருந்தது. நூடுல்ஸுக்காக ஓய்விடத்தில் வைத்திருந்த கொதிநீர்க் குழாயிலிருந்து வாளி வாளியாகப் பிடித்து வந்து, தொட்டியைத் துணியால் சுற்றி அதன் மேல் ஊற்றினார். லியாங் வாளி சுமந்தான். உருகியதும் ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சித் தரையில் வடித்தார். வந்த தண்ணீரில் நிறமே இல்லை. கையில் பிடித்து முகர்ந்தார். வாசனையும் இல்லை.

டிக்கியிலிருந்த மிச்சக் கேனை எடுத்து மூடியைத் திறந்தார். மூக்கைத் துளைத்தது. ராத்திரி முழுவதும் மைனஸ் இருபதில் டிக்கிக்குள் கிடந்திருக்கிறது, குலுக்கினால் தளதளவென்றது. அசல் சரக்கு.

"லியாங், இதை ஊத்தறதுக்கு முன்னாடி தொட்டியில என்ன இருந்துச்சு?"

"தண்ணிதான்ப்பா. குழாய்த் தண்ணி. எங்க ஊர்ல எல்லாரும் அதைத்தான் ஊத்துவோம். வருஷம் பூரா வெயிலு, வேற எதுக்கு?"

"அதை நீ வடிக்கல?"

"வடிக்கணுமா? நீங்க ஊத்துன்னுதானேப்பா சொன்னீங்க."

வான்ஷெங் ரப்பர் குழாயைப் பிடித்தபடியே நின்றார். கொஞ்சம் ஊற்றியதும் நிரம்பி வழிந்தது என்று அவன் சொன்னானே. முழுத் தொட்டியில் கொஞ்சம் விட்டால் நிரம்பாமல் என்ன செய்யும்? அவர் நல்ல பிள்ளை என்று பாராட்டியல்லவா போனை வைத்தார். வழியில் அடுக்கி வைத்திருந்த வசனமெல்லாம் தொண்டையிலேயே கரைந்துவிட்டது.

அதற்குள் ஷியூயூன் வந்து ஆரம்பித்தாள். "நான் நேத்துலருந்து சொல்றேன், இந்தத் தெக்கத்தி ஆளுங்களுக்குப் பனியைப் பத்தி என்ன தெரியும்? குழந்தையை வச்சிக்கிட்டு..."

"அவனைத் திட்டாத" என்றார் வான்ஷெங். "தப்பு என்னுது. பழைய தண்ணிய வடிக்கணும்னு நான் சொல்லல. தொட்டியில என்ன இருக்குன்னு கேக்கவும் இல்ல. தண்ணி ஊத்துவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல." லியாங்கின் தோளைத் தட்டினார். "மன்னிச்சிரு மாப்பிள்ளை. உங்க எல்லாரையும் நானே கொல்லப் பாத்தேன்."

லியாங் பதறிப்போய், "அய்யோ, விடுங்கப்பா, விடுங்க" என்றான்.

ஷியூயூன் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ எப்பவும் அப்படித்தான்யா. சொல்லுவ. கேக்க மாட்ட."

தண்ணீர் உறைந்ததில் பம்பு எரித்துவிட்டிருந்த பீஸை மாற்றி, தொட்டியை நிரப்பி, விசையை அழுத்திப் பார்த்தார். கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் அழகாகச் சிதறி வழிந்தது. குழந்தை கை தட்டியது. மற்றவர்கள் சாமான் கட்டப் போனார்கள். வான்ஷெங்கும் ஷியூயூனும் ஓய்விடத்துக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து கோப்பை நூடுல்ஸ் சாப்பிட்டார்கள்.

"சுண்ணாம்பு அடிச்சேன்" என்றார் அவர். "ஒன் பக்கத்துக் கட்டில்ல புதுப் பஞ்சு மெத்தை போட்டிருக்கேன். அடுப்புக் குழாயை அந்தப் பக்கமா திருப்பிட்டேன், முழங்காலுக்கு நல்லது. இனிமே காலையில..."

"யோவ். நிறுத்து."

நிறுத்தினார்.

"கேளேன்யா. ஒரு தடவை கேளு."

வான்ஷெங் நூடுல்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தார். தொட்டிக்குள் கையை விட்டது போல விரல் நுனியெல்லாம் சில்லிட்டது. "ஒரேயடியா திரும்பி வந்துட்டியா?" என்று கேட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் பதில் தெரியாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"இல்லய்யா." அவள் மெதுவாகச் சொன்னாள். "குழந்தைக்காகத்தான் போனேன். இப்ப எனக்கே அங்க பிடிச்சிருக்கு. முழங்கால் வலி இல்ல. காலையில மைதானத்துல ஆடறோம், நாலு சினேகிதிங்க இருக்காங்க. ஊரை நெனச்சா எனக்கு அந்தக் குளிருதான் ஞாபகம் வருது. போன்ல சொன்னா நீ தைலம் தேய்ன்னு சொல்லிட்டு வச்சிடுவ. அதான் நேர்ல வந்து சொல்லணும்னு இவ்வளவு தூரம் வந்தேன். நீயும் அங்க வாயேன்யா."

"நான் அங்க வந்து என்ன செய்யறது?"

"தெரியல. எனக்கும் தெரியல."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. வான்ஷெங் கோப்பையில் மிச்சமிருந்த சூப்பைக் குடித்து முடித்தார். அழுகை வரவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பெருநாளைக்காவது வருவ இல்ல?" என்று கேட்டார். இது இரண்டாவது கேள்வி.

"அதுக்குத்தானே வந்தோம். கொழுக்கட்டை எத்தனை பிடிச்சிருக்க?"

"ஊரே திங்கலாம்."

லியாங்கால் ஓட்ட முடியாது. அதனால் அவர்களுடைய காரை வான்ஷெங் ஓட்டுவது என்று முடிவாயிற்று. வேனை அங்கேயே விட வேண்டியதுதான். பெட்ரோல் பங்கு ஆளிடம் சொல்லி, காற்று அடிக்காத மூலையில் நிறுத்தினார். வைப்பர்களைத் தூக்கி நிறுத்தினார். முன்பக்கத்தை அட்டையால் மூடிக் கயிறு கட்டினார். பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து லியாங்கின் டிக்கியில் பெட்டிகளுக்கு நடுவே வைத்தார்.

"அந்த ஓட்டை வேனுக்கு எதுக்குய்யா இவ்வளவு வைத்தியம்?" என்றாள் ஷியூயூன்.

"பெருநாள் முடிஞ்சு உங்களை இங்க வரைக்கும் கொண்டாந்து விடணும்ல. நீங்க அந்தப் பக்கம் போனதும் நான் இதுல திரும்பணும். அப்ப கிளம்ப மாட்டேன்னு நின்னுச்சுன்னா?"

ஷியூயூன் பின்கதவைத் திறக்கப் போனவள், சுற்றி வந்து முன் இருக்கையில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பெய்பெய்யும் லியாங்கும் குழந்தையோடு பின்னால் உட்கார்ந்தார்கள்.

சாலையில் பனி வாரி உப்பு தெளித்திருந்தது; வானம் தெளிவாக இருந்தது. கண்ணாடியில் சேறு படியும்போதெல்லாம் வான்ஷெங் விசையைத் தட்டினார், கண்ணாடி பளிச்சென்று ஆயிற்று. பக்கத்தில் ஷியூயூன் பேரிக்காயைப் பற்றியும், மைதானத்துச் சினேகிதிகளைப் பற்றியும், பியாவ் விழுந்த பல்லை இன்னும் கட்டிக்கொள்ளவில்லையா என்றும் பேசிக்கொண்டே வந்தாள். அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார். பின்னால் வந்த லாரிகள், கார்கள், கடைசியில் கோழிக்கூண்டு ஏற்றிய ஒரு மூன்று சக்கர வண்டிகூட அவர்களைத் தாண்டிப் போயிற்று.

பின்னாலிருந்து லியாங் எட்டிப் பார்த்தான். "அப்பா, ரோடு நல்லாத்தானே இருக்கு? இந்த வேகத்துல போனா எப்ப வீடு போய்ச் சேர்றது?"

ஷியூயூன் திரும்பிப் பார்க்காமலே கையை அசைத்தாள். "விடு தம்பி. மெதுவாவே ஓட்டட்டும்."